ஒரு மீட்டருக்காக நிறுத்திய அணு உலை

நான் வேலை பார்க்கும் இடத்தில் யுரேனியம் ஒரு சிட்டிகைகூடக் கிடையாது என்று மாமனாரிடம் சொல்லிச் சொல்லி நாக்குத் தள்ளிவிட்டது. அவர் இன்றும் என்னைக் கொஞ்சம் தள்ளித்தான் உட்காரச் சொல்வார்.

அது ஒரு சிமுலேட்டர் கூடம். அணுமின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையை விளக்கு மாறாமல், ஸ்விட்ச் மாறாமல் அப்படியே கட்டிவைத்திருப்பார்கள். உலையும் பம்பும் டர்பைனும் கம்ப்யூட்டருக்குள் ஓடும். நேரம் மட்டும் நிஜம். அசல் நிலையத்தில் நீர்மட்டம் இறங்க எவ்வளவு நேரமோ, அவ்வளவு நேரம் இங்கேயும் ஆகும். ஆபரேட்டர்கள் வந்து பழகுவார்கள். நான் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒரு பட்டனைத் தட்டிப் பம்பை நிறுத்துவேன், இன்னொன்றைத் தட்டிக் குழாயை உடைப்பேன். சம்பளம் வாங்கிக்கொண்டு கெடுப்பதுதான் தொழில். எனக்கு அவர்கள் வைத்த பெயர் சனி. அதில் எனக்குப் பெருமை வேறு.

பயிற்றுநர்களும் ஆபரேட்டர் நாற்காலியில் உட்கார்ந்து தேறிக் காட்ட வேண்டும் என்று ஒரு விதி வந்தது.

"மீன்குஞ்சுக்கு நீச்சல் பரீட்சையாம்," என்று மனைவியிடம் சிரித்தேன்.

"வீட்ல மிக்ஸி நின்னா என்னைத்தானே கூப்பிடுறீங்க? எதுக்கும் ஒரு தடவை படிச்சிட்டுப் போங்க," என்றாள். படிக்கவில்லை.

அன்று கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவள், ஒரு காலத்தில் என்னிடம் தோற்றுத் தோற்றுத் தேறி, பிறகு பயிற்றுநராகவே வந்துவிட்ட பெண். பழி வாங்காமல் விடுவாளா? நானாயிருந்தால் விடமாட்டேன். மின்தடை, குழாய் உடைப்பு, தீ எல்லாம் சேர்ந்து வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

ஒன்றும் வரவில்லை. உலை தேமேயென்று ஓடியது. எனக்குத்தான் சட்டை நனைந்தது.

கடைசியில் ஒரே ஒரு அலாரம். நீராவிக் கலத்தில் தண்ணீர் குறைகிறது என்றது ஒரு மீட்டர். அதே மட்டத்தைக் காட்டும் பக்கத்து மீட்டர்கள் அசையவே இல்லை.

"மீட்டர்தான் சார் போயிருக்கு. மத்ததெல்லாம் சரியாத்தானே காட்டுது?" என்றார் என்னோடு உட்கார்ந்திருந்த ஆபரேட்டர்.

"உங்களுக்கு அவளைத் தெரியாது. குழாய் உடையப்போகுது."

"எந்தக் குழாய் சார்?"

"அதான் தெரியலைங்கிறேன்!"

முந்திக்கொள்வோம் என்று சிவப்புப் பட்டனை அழுத்தி உலையையே நிறுத்திவிட்டேன். கூடம் முழுக்க அலாரங்கள் அலறின. அவள் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள்.

"என்ன சார் ஆச்சு? உங்களுக்குப் பழகட்டும்னு சின்னதா ஒரு மீட்டரைத்தானே கெடுத்தேன்?"

அவள் முகத்தில் கேலியைத் தேடினேன். கவலைதான் இருந்தது. அதற்குக் கேலியே தேவலை.

வீட்டில், "உலையை நிறுத்திட்டேன்," என்றேன்.

"யாருக்காவது அடிபட்டுச்சா?"

"இல்ல."

"அப்ப கை கழுவிட்டுச் சாப்பிட வாங்க."

புதிதாகச் சேர்ந்தவர்களோடு வகுப்பில் உட்கார்ந்து திரும்பப் படித்தேன். மறுதேர்வில் அவள் நிஜமாகவே குழாயை உடைத்தாள். பழைய சிநேகிதனைப் பார்த்த மாதிரி எனக்கு உயிர் வந்தது, தேறிவிட்டேன்.

"நல்லாப் பண்ணீங்க சார்," என்றாள் அவள். "ஒண்ணுதான். அலாரம் அடிச்சா பேனலைப் பாக்கணும். நீங்க என்னையே பாக்குறீங்க."

இப்போது தேர்வு நாட்களில் அந்தக் கண்ணாடிக்குத் திரை போட்டுவிடுகிறார்கள். எனக்காகத்தான் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.