ஓர் எழுத்தும் அறுநூறு லேபிளும்

கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிடும் குடும்பத்தில் பிறந்தவள் அருணாதேவி. சென்னைப் பக்கம் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் பதினொரு வருடம் சூப்பர்வைசராக இருந்துவிட்டு, திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் ஒன்பது மெஷின் போட்டுச் சொந்தமாகத் தையல் யூனிட் தொடங்கினாள். ரமணாசிரமத்துக்கு வருடாவருடம் வரும் ஜெர்மன்காரப் பெண்மணி ஒருத்தி தன் நாட்டில் குழந்தைத் துணிக்கடை வைத்திருந்தாள். அருணாதேவியின் தையல் பிடித்துப்போய் அறுநூறு குழந்தைச் சட்டைகளுக்கு ஆர்டர் கொடுத்தாள். ஒரே நிபந்தனை: இயற்கைப் பருத்திதான் என்பதற்குச் சான்றிதழ் வேண்டும்.

சான்றிதழ் நிறுவனம் ஆடிட்டரை அனுப்பக் குறித்த நாள் பௌர்ணமி; ஊரே கிரிவலக் கூட்டத்தில் திணறும் நாள்.

"அன்னிக்கு வண்டியே உள்ள விட மாட்டாங்க சார்" என்றாள் போனில்.

"சிஸ்டம் போட்ட தேதி மேடம்" என்றான் அந்த ஆபீஸில் இருந்த இளஞ்செழியன்.

ஆடிட்டர் பைபாஸில் இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாக நடந்து, மூன்று மணிக்கு வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். இயற்கைத் துணியைச் சாதாத் துணியோடு சேர்க்காமல் தனி ரேக்கில் வைத்திருக்கிறாளா என்று பார்த்தார், மூலையில் கிடந்த எலி மருந்தை எடுக்கச் சொன்னார், போனார். மூன்று வாரத்தில் யூனிட்டுக்குச் சான்றிதழ் வந்தது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

ஆனால் துணிக்குத் தனிச் சான்று வேண்டுமாம். துணி விற்ற மில், தன் பில்லில் திருவண்ணாமலையை ஆங்கிலத்தில் 'எச்' இல்லாமல் எழுதியிருந்தது. அவள் சான்றிதழில் 'எச்' இருந்தது.

"ரெண்டும் வேற வேற அட்ரஸ்னு காட்டுது மேடம்" என்றான் இளஞ்செழியன்.

"ஏன் சார், எத்தனை திருவண்ணாமலை இருக்கு உலகத்துல?"

"எனக்குப் புரியுது மேடம். சிஸ்டத்துக்குப் புரியல."

மில்லைக் கேட்டால், சான்றிதழ்க்காரர்கள் எழுதிக் கேட்கட்டும் என்றார்கள். சான்றிதழ்க்காரர்களோ மில்தான் திருத்த வேண்டும் என்றார்கள். பேங்க் பாஸ்புக், கரண்ட் பில், வாடகை ஒப்பந்தம் என்று ஸ்கேன் செய்து அனுப்பினாள். கரண்ட் பில்லில் ஊர்ப் பெயர் மூன்றாவது விதமாக இருந்தது. அதற்கும் விளக்கம் கேட்டார்கள்.

கப்பல் தேதி நெருங்கியது. "சான்று இல்லாம இயற்கைப் பருத்தின்னு லேபிள்ல இருக்கக் கூடாது, எங்க ஊர்ச் சட்டம். உன்னை நம்பறேன். லேபிளை எடுத்துட்டு அனுப்பு" என்ற அர்த்தத்தில் ஜெர்மன்காரி எழுதினாள்.

தைத்த லேபிள்களைப் பிரிக்க உட்கார்ந்தார்கள்.

"ஏம்மா, நேத்து இயற்கைப் பருத்தி, இன்னிக்கு சாதாப் பருத்தியா? துணி அதேதானே?" என்றாள் மூத்த தையல்காரி மணியம்மாள்.

"பிரிக்கச் சொன்னா பிரிங்க!"

கத்திய மறுகணமே அருணாதேவிக்குக் கூசிப் போயிற்று. மணியம்மாள் கேட்டதில் என்ன தப்பு? தையல் பிரிக்கும் ஊசிக்கத்தி ஒன்றை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இரண்டு நாள் ஆயிற்று.

சரக்கு போன ஒன்பதாம் நாள் மெயிலில் சான்று வந்தது. அனுப்பிய சரக்குக்கு இனி அது செல்லாது என்றான் இளஞ்செழியன், வாழ்த்துகளும் சொன்னான்.

சட்டைகள் விற்றுப் போயின. அடுத்த ஆர்டரும் வந்தது. இந்தத் தடவை துணி புறப்படும் முன்பே மில் கிளார்க்கைப் போனில் பிடித்து, முகவரியை எழுத்தெழுத்தாகத் திருப்பிச் சொல்ல வைத்தாள்.

"என்னைச் சின்னப் பையன்னு நினைச்சீங்களா மேடம்?" என்று அவர் எரிந்து விழுந்தார்.

"இன்னொரு தரம் படிங்க சார்" என்றாள்.