ஹன்னோவின் கட்சி

எண்பதுகளின் இறுதியில் லண்டனின் லூயிஷாமில் எங்களுக்கு ஓர் இலக்கிய வட்டம் இருந்தது. ஊர் அரசியலைப் பேசினால் வட்டம் இரண்டாகும் என்று அஞ்சிய செயற்குழு, ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் முடிந்துபோன சண்டைகளை மட்டுமே விவாதிப்பதெனத் தீர்மானித்தது. யாழ்ப்பாணத்தில் பண்டைய வரலாறு கற்பித்தவளான என் மனைவி கார்த்தேஜை முன்மொழிந்தாள். மத்தியதரைக் கடலின் தென்கரையில் இருந்து, ரோமாபுரியோடு மோதி அழிந்த நகரம். அங்கே எங்களில் எவருக்கும் உறவினர் இல்லை. ஆகவே ஏகமனதாக ஏற்றுக்கொண்டார்கள். மூன்றாவது கூட்டத்தில் வட்டம் இரண்டாகியது.

விடயம் இதுதான். யானைகளோடு ஆல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலிக்குள் இறங்கிய கார்த்தேஜின் தளபதி ஹனிபால், பெருவெற்றிக்குப் பின் தம்பியை ஊருக்கு அனுப்பி மேலும் படையும் பணமும் கேட்டார். இறந்த ரோமப் பிரபுக்களின் விரல்களிலிருந்து கழற்றிய பொன்மோதிரங்கள் நகர ஆட்சியவையின் முன் கொட்டப்பட்டன. அவை மகிழ்ந்தது. ஹன்னோ என்ற மூத்த அரசியலாளர் மட்டும், சமாதானம் பேச இதுவே தருணம் என்றார்.

எங்கள் வட்டத்தில் கணக்காளர்கள், மருத்துவர்கள், பெற்றோல் நிலையம் வைத்திருந்தவர்கள் அனைவரும் ஹனிபால் கட்சி. லண்டனிலிருந்தபடி ஆல்ப்ஸைக் கடப்பது அவர்களுக்கு எளிதாக இருந்தது. ஹன்னோவின் கட்சியில் என் மனைவி ஒருத்திதான்.

“ஹன்னோ அக்கா வாறா, மோதிரங்களை ஒளியுங்கோ!” என்று கணக்காளர் வாசலிலேயே தொடங்குவார்.

“பயப்பிடாதேங்கோ தம்பி. சண்டைக்குப் போனவையின்ரை மோதிரத்தைத்தான் கழட்டினவை” என்பாள் அவள்.

நானும் ஹனிபால் கட்சிதான். ஃபாரஸ்ட் கேட்டிலுள்ள எங்கள் வீட்டில் பாண் ரொட்டியையும் தேங்காய்ச் சம்பலையும் வைத்துக்கொண்டு இந்தப் போரைப் பல காலைகளில் நடத்தியிருக்கிறோம்.

அவள் இறந்த சில மாதங்களில் வட்டம் நினைவு விவாதம் ஒன்றை ஒழுங்கு செய்தது. அதே கார்த்தேஜ்தான். கணவன் என்பதால் என்னை ஹன்னோவின் பக்கம் அமர்த்தினார்கள். நான் உடன்பட்டேன். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே: அவளுடைய வாதத்தை எவராவது முழுப்பலத்தோடு எதிர்க்கவேண்டும். எதிர்ப்பில்லாமல் அந்த வாதம் உயிரோடு இருந்ததை நான் கண்டதில்லை.

கணக்காளர் எழுந்தார். “அக்கா சொன்னது சரியெண்டு இப்பதான் விளங்குது” என்றார். அடுத்து வந்த மருத்துவர், யானைகளைக் குளிரில் கூட்டிச் சென்றதே பிழை என்று வருந்தினார். மூன்றாமவர் ஹனிபாலின் பெயரையே எடுக்காமல், என் மனைவி செய்துவந்த ரோல்ஸ் பலகாரத்தைப் புகழ்ந்துவிட்டு அமர்ந்தார். ரோமாபுரியால் இத்தாலியில் ஆண்டுக்கணக்காகச் செய்ய இயலாததைச் செத்தவீட்டு மரியாதை அரைமணி நேரத்தில் சாதித்தது. ஹனிபாலின் சேனை முழுவதும் சரணடைந்தது. ஹன்னோவுக்கே வெற்றி என்ற தீர்ப்பும் எனக்குரிய பொன்னாடையும் நடுவரின் மேசையில் ஆயத்தமாக இருந்தன.

நான் எழுந்து எதிர்ப்பக்கம் நடந்தேன்.

“அண்ணை, உங்கடை கதிரை இங்கையெல்லோ?” என்றார் நடுவர்.

“ஓம், தெரியும். நான் ஹனிபாலுக்காகப் பேசப்போறன்.”

வென்று நின்றவனை அந்நிய மண்ணில் கைவிட்டது அவையே என்றேன். ஹன்னோ தன் தோட்டங்களைக் காப்பதற்காக அச்சத்தை அறிவென்று விற்ற மனிதர் என்றேன்.

“நினைவுக் கூட்டத்திலை மனுசியையே ஏசுறார்” என்று முன்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். நான் நிறுத்தவில்லை. ஹன்னோ ஒரு கோழை என்றேன்.

வட லண்டன் எட்மண்டனிலிருந்து வரும் பல் மருத்துவர் அம்மா, கூட்டம் தவறாமல் என் மனைவிக்குப் பக்கத்தில் அமர்ந்தவர், பின்வரிசையில் எழுந்தார்.

“நிப்பாட்டுங்கோ அண்ணை! வெண்டவருக்குக் காசும் வேணும், சோறும் வேணும், ஆளும் வேணுமாம். தோத்தவருக்கு வேறை என்ன வேணும்?”

மண்டபம் சிரித்தது. கணக்காளர், தாம் சரணடைந்ததை மறந்து, “யானைக்குத் தீனி போட வேண்டாமோ?” என்று கத்தினார். “யானை எல்லாம் எப்பவோ செத்துப் போச்சுது, தம்பி!” என்றார் பல் மருத்துவர் அம்மா. நடுவர் மணியை அடித்தார், கேட்பாரில்லை.

நான் மறுமொழி சொல்ல வாயெடுத்தேன். அந்த அம்மா கையை உயர்த்தி என்னைத் தடுத்தார்.

“இருங்கோ அண்ணை. நான் இன்னும் முடிக்கேல்லை.”

நான் அமர்ந்தேன்.