மழையிலும் ஆறாத கம்பி

துணை மின்நிலையத்தின் கண்காணிப்பு அறையில் எனக்குப் பக்கத்து நாற்காலி அக்காவுக்கு நாங்கள் வைத்த பெயர் பயந்தாங்கொள்ளி. பல்லி விழுந்தால் நாற்காலி மேல் ஏறிவிடுவார். லிஃப்டில் தனியாகப் போகவே மாட்டார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அவரைக் கிண்டல் செய்வதில் நான்தான் முதல் ஆள். புருஷன் லைன்மேனாக இருக்கும்போது ஒரு மனுஷி வேறு எப்படித்தான் இருப்பார் என்று என் மரமண்டைக்கு உறைத்ததே இல்லை.

எங்கள் வேலை திரையைப் பார்ப்பது. கம்பங்களில் சென்சார் பெட்டிகள் இருக்கின்றன. கம்பியில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது, கம்பி எவ்வளவு சூடாக இருக்கிறது என்று அவை இன்டர்நெட் வழியாக அனுப்பிக்கொண்டே இருக்கும். மின்சாரம் சைபர் என்று திரை காட்டிய பிறகுதான் லைன்மேனை ஏறச் சொல்வோம்.

அன்று மதியம் ஒரு மரக்கிளை விழுந்து லைன் தானாகவே நின்றுபோனது. சரிசெய்யப் போனவர் அக்காவின் வீட்டுக்காரர். அக்கா திரையிலிருந்தே சுவிட்சை அணைக்க உத்தரவு கொடுத்துவிட்டு, போனில் சொன்னார். "சைபர்தாங்க. ஏறலாம். பாத்து."

கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலை மூட எழுந்த நான், அக்காவின் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டேன்.

"கம்பிச் சூடு நாப்பத்திரெண்டுலயே நிக்குது," என்றார்.

"நிக்கட்டுமேக்கா."

"இவ்ளோ மழையில அது எப்படிடா ஆறாம இருக்கும்?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பெட்டிக்கு நெட் போய்விட்டது. திரையில் நிற்பது பழைய கணக்கு. சூடு பழசென்றால் சைபரும் பழசு. அக்கா கொடுத்த உத்தரவும் போய்ச் சேர்ந்திருக்காது. நின்ற லைனை அங்கே இருக்கும் சுவிட்ச் தானாகவே மறுபடி இணைத்திருந்தால்?

அக்கா போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. போனை வண்டியில் வைத்துவிட்டுத்தான் கம்பத்தில் ஏற வேண்டும் என்பது விதி.

சுவரில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. அதற்கு நெட் வேண்டாம். அழுத்தினால் பாதி ஊர் இருண்டுவிடும், இன்ஜினியரைக் கேட்காமல் தொட்டால் வேலை போய்விடும். "சாரை ஒரு வார்த்தை கேட்டுட்டு..." என்று இழுத்தேன். பயந்தாங்கொள்ளி என்னைத் தள்ளிவிட்டுப் போய் அழுத்தினார்.

ஃபேன் நின்றது. இருவரும் போனையே பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த நேரத்தில் நான் வேண்டாத தெய்வமில்லை.

ஒருவழியாக அது அடித்தது. நான்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"எதிர் ஒர்க்‌ஷாப் ஜெனரேட்டர்ல ஓடுதுன்னு நெனச்சிட்டிருந்தேன்டி. கம்பியப் பிடிக்கக் கைய நீட்டுறேன், டக்குன்னு அங்க எல்லா மிஷினும் நின்னுபோச்சு. அப்பதான் தூக்கிவாரிப் போட்டுச்சு. லைன்ல கரண்ட் இருந்திருக்கு."

"டெஸ்டர் வச்சுப் பாக்கலையாங்க நீங்க?"

கம்பியைத் தொடும் முன் டெஸ்டர் கோலை வைத்துப் பார்ப்பது லைன்மேன்களுக்குப் பாலபாடம்.

"மத்தவங்க ஏறலாம்னு சொன்னா வச்சுப் பாப்பேன். நீ சொன்னா எதுக்குப் பாக்கணும்? என்னைக்குமே பாத்ததில்லையே."

அக்கா நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். எது எதற்கோ அவர் பயந்து பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை.

"ஒரு தடவைகூடவா?" என்று கேட்டார்.