விளக்கு தள்ளித்தான் இருந்தது

பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில், மணல்மேட்டில் இருக்கிறது எங்கள் குப்பம். அங்கே முதன்முதலில் ஓட்டு வீடு கட்டியவன் நான். ஐஸ் பெட்டியைப் படகிலேயே ஏற்றிக்கொண்டு போகிற பழக்கத்தைக் கொண்டுவந்தவனும் நான்தான். கிணற்றுத் தண்ணி உப்பாகிப்போன ஒரு கோடையில் இடம் பார்த்து ஊற்று தோண்டி ஊருக்கே குடிக்கக் கொடுத்தேன். படிப்பு ரெண்டாங்கிளாஸ். நைனாவைக் கடல் கொண்டுபோனபோது எனக்கு மீசைகூட முளைக்கவில்லை, வலை என்று ஒரு முழம் நூல் கிடையாது. அங்கிருந்து எழுந்து வந்தவன். இதையெல்லாம் எங்கள் பக்கம் யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் நான் செய்ததிலேயே பெரிய காரியம் ஒன்று உண்டு, அதை மட்டும் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. எண்பதுகளின் நடுவில், குப்பத்துக்கு மிஷின் வந்த புதிதில் அது நடந்தது.

மிஷின் என்றால் படகின் பின்னால் மாட்டுகிற இன்ஜின். பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் கிருஷ்ணாயிலுக்கு மாற்ற வேண்டும். அதுவரை எங்களுக்குப் பாயும் துடுப்பும்தான். காற்று விழுந்துவிட்டால் பிடித்த மீன் கரை சேருவதற்குள் நாறிப்போகும். அதனால் மிஷின் வந்ததும் ஊரே அதைக் கும்பிட்டது. நானும் என் மனைவியின் தம்பியும் கூட்டாக ஒன்று வாங்கினோம். அவன் என்னை மாமா என்பான், எனக்கு அவன் மச்சான்.

கரைக்கு வந்ததும் மிஷினைக் கழற்றித் தோளில் தூக்கி வருவோம். நல்ல தண்ணியில் கழுவித் துடைத்து, வீட்டுக்குள்ளேயே ஒரு மரச்சட்டத்தில் சாமி படத்துக்குக் கீழே நிற்க வைப்பார்கள். அதற்குக் குங்குமம், பூ, வெள்ளிக்கிழமையானால் கற்பூரம். சோறு போடுகிற லட்சுமியை வாசலில் விடலாமா என்பது பேச்சு. பெட்ரோல் கேனும் பக்கத்திலேயே இருக்கும். விடியலில் இருட்டில் தடவ வேண்டாமென்று சாயங்காலமே உள்ளே வைத்து டேங்கையும் நிரப்பிவிடுவார்கள். ஓலைக் கூரை, அதன் கீழே நைலான் வலை, அதன் கீழே பெட்ரோல். எல்லா வீட்டிலும் இப்படித்தான்.

வேண்டாம் என்று சொன்னவன் நான் ஒருத்தன். கடலுக்கு வருவதற்கு முன்னால் மீஞ்சூரில் ஒரு லாரி ஷெட்டில் வண்டி கழுவினேன். பெட்ரோல் என்ன செய்யும் என்று அங்கே கண்ணால் பார்த்திருக்கிறேன். மிஷின் இருந்தது மச்சான் வீட்டில். வெளியே ஒரு கொட்டாய் போடுடா என்றால், "லாரி கழுவினவருக்கு லட்சுமி அருமை இன்னா தெரியும்?" என்று நாலு பேர் நடுவில் சிரிப்பான்.

அவன் பெண்டாட்டி சிரிக்க மாட்டாள். எனக்குத் தங்கச்சி முறை. "மிஷினை நகர்த்த எனக்குப் பலம் இல்லண்ணா, விளக்கையாவது நகர்த்துறேன்" என்று சொல்லி, சாமி விளக்கை எடுத்து வீட்டின் எதிர்மூலையில் தரையோரம் வைத்தாள். கற்பூரம் காட்டுவதையும் நிறுத்திவிட்டாள். குப்பத்திலேயே என் பேச்சைக் கேட்ட ஒரே ஆள் அவள்தான்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. மச்சான் டேங்கை நிரப்பிவிட்டுக் கரைக்குப் போயிருந்தான். பெட்ரோல் வருகிற ரப்பர் குழாயில் வெடிப்பு விட்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை, அது சொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. தங்கச்சி குளித்துவிட்டு வந்து, கதவை ஒருக்களித்துவிட்டு விளக்கேற்றினாள். எதிர்வாசலில் வலை தைத்துக்கொண்டிருந்த எனக்குப் 'பொசுக்'கென்று ஒரு சத்தம்தான் கேட்டது. நிமிர்வதற்குள் அவள் ஓடிவந்தாள். வலது கை தோள் வரைக்கும் நெருப்பு.

இழுத்து மணலில் தள்ளிப் புரட்டினேன், ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கினேன். அதற்குள் ஆளுக்கொரு குடத்தோடு ஓடி வந்து வீட்டுக்குள் தண்ணியைக் கொட்டினார்கள். நெருப்பு அந்தத் தண்ணி மேலேயே மிதந்து போய்ச் சுவரைப் பிடித்தது, சுவரிலிருந்து கூரைக்கு ஏறியது. "தண்ணி ஊத்தாதீங்க, மண்ணை வாருங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். மணல் மேலேயே பிறந்து மணல் மேலேயே தூங்குகிற ஜனம். அந்த நேரத்தில் ஒருத்தருக்கும் காலடி மணல் ஞாபகம் வரவில்லை.

மச்சான் கரையிலிருந்து ஓடிவந்தான். வந்தவன் நேராக வீட்டுக்குள் பாய்ந்தான். இடுப்பைக் கட்டிப் பிடித்தேன். கையைக் கடித்தான், நான் விடவில்லை.

"வுடு மாமா! லட்சுமி எரியறா!"

"உன் பொண்டாட்டி இங்க எரிஞ்சி கெடக்கறாடா!"

அப்போதுதான் அவன் திரும்பிப் பார்த்தான். அதற்கப்புறம் அவனைப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை, அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

படகில் படுக்க வைத்து ஏரியைத் தாண்டி, பொன்னேரிக்குக் கொண்டுபோனோம். உயிர் தங்கியது. கையும் கழுத்தும் சுருங்கிப்போய்க் கட்டோடு ஊர் திரும்பினாள். திரும்பியவளுக்கு வேறு ஒன்று காத்திருந்தது.

விளக்கு ஒரு மூலை, மிஷின் ஒரு மூலை. நெருப்பு தாவவும் இல்லை, பொறி பறக்கவும் இல்லை. அப்படியிருக்க எப்படிப் பற்றியது? அவள் கையில்தான் ஏதோ தோஷம், லட்சுமி கோபித்துக்கொண்டாள் என்று பேச்சு கிளம்பிவிட்டது. விளக்கை இடம் மாற்றியதே குற்றம் என்றார்கள். அம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. பரிகாரம் முடிகிற வரைக்கும் அவள் படகையும் வலையையும் தொடக்கூடாது, சுண்ணாம்புக்குளத்தில் இருக்கிற தாய் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று முடிவெடுக்கிற நிலைமை. போனால் திரும்பக் கூப்பிட மாட்டார்கள் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். மச்சான் தலையைக் குனிந்தபடி நின்றான். அவள் கூட்டத்துக்கு வெளியே, கட்டுப்போட்ட கையை முந்தானையால் மூடிக்கொண்டு நின்றாள்.

நான் எழுந்தேன். அவள் விளக்கை நகர்த்தியது என் பேச்சைக் கேட்டுத்தான் என்றேன்.

பெரியவர் ஒருத்தர் கேட்டார். "அவ்ளோ தூரம் நெருப்பு நடந்தா போச்சி?"

"நடந்துதான் போச்சி. காட்டறேன், பாக்கறியா?"

கவிழ்த்துப் போட்ட ஒரு படகுக்கு மறைவாக, காற்று படாத இடமாகப் பார்த்தேன். ஆள் நீளத் தகரம் ஒன்றை ஓடை மாதிரி வளைத்துச் சரிவாக வைத்தேன். கீழ் முனையில் ஓர் அகல் விளக்கு. மேல் முனையில் பெட்ரோலில் நனைத்த துணி. எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னேன். நின்றார்கள். ஒன்றும் நடக்கவில்லை. "இன்னாபா, உன் நெருப்புக்குக் காலு மரத்துப் போச்சா?" என்று ஒருத்தன் கேட்டான், கூட்டம் சிரித்தது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அகலில் இருந்து நெருப்பு குபீரென்று தகரத்தின் மேல் ஏறி ஓடித் துணியைப் பிடித்தது.

பெட்ரோலுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஆவி உண்டு, அது கனமானது, தரையோடு தரையாக ஊர்ந்து போய் நெருப்பைத் தேடும், விளக்கு அதைத் தேடிப் போக வேண்டியதில்லை என்று சொன்னேன். ரெண்டாங்கிளாஸ் படித்தவன் சொன்னேன். ஒரு பிடி மணலை அள்ளிப் போட்டு அணைத்தும் காட்டினேன்.

மச்சான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றான். கூட்டம் கலைந்தது. தாய் வீட்டுப் பேச்சு அத்தோடு போயிற்று.

அடுத்த வாரமே குடிசைகளை விட்டுத் தள்ளி, நாலு பக்கமும் காற்று போகிற மாதிரி ஒரு கொட்டாய் போட்டேன். மூலைக்கு மூலை மணல் குவியல். மிஷின் ஆறாமல் பெட்ரோல் ஊற்றக்கூடாது. ஊற்றுவது வெளியில், பகலில். பீடியோடு வருகிறவன் அப்படியே திரும்பிப் போக வேண்டும். கரைக்கு வந்ததும் பெட்ரோல் குழாயை அடைத்து, உள்ளே இருப்பது தீர்கிற வரை ஓட விட்டுத்தான் கழற்ற வேண்டும். குழாயை வாரம் ஒருமுறை வளைத்துப் பார்க்க வேண்டும். லட்சுமிக்கு என்ன செய்வது என்று பெண்கள் கேட்டபோது, பூவும் எலுமிச்சம்பழமும் போதும், நெருப்பு வேண்டாம் என்றேன். எரிந்ததற்குப் பதிலாக வாங்கிய புது மிஷினுக்கு முதல் பூவைத் தங்கச்சி கையால்தான் வைக்கச் சொன்னேன். இடது கையாலேயே வைத்தாள், வலது கை அவ்வளவு தூரம் நீளவில்லை. ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை. இன்றுவரை எங்கள் குப்பத்தில் மிஷினுக்குக் கற்பூரம் காட்டுவதில்லை.

போன மாசம் அவள் போய்ச் சேர்ந்தாள். எடுக்கிற நேரத்தில் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒருத்தி, பக்கத்தில் இருந்தவளிடம், "அந்தக் காலத்துல மிஷினை எரிச்சாங்களே, அந்த அம்மா இவங்கதான்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

இப்போது பெரிய பெரிய படகு வைத்திருக்கிற பிள்ளைகள், கற்பூரம் காட்டாதது முன்னோர் வழக்கம் என்கிறார்கள். எந்த முன்னோர்? நான்தான். செத்துப்போகவும் இல்லை, இங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். ஆயுத பூஜைக்கு மிஷினுக்குப் பூ வைக்கும்போது இதை ஆரம்பித்தவன் இன்னான் என்று என் பேரை ஊரறியச் சொல்ல வேண்டும், ஏன் ஆரம்பித்தான் என்றும் சொல்ல வேண்டும். பெருமைக்கு என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும், பெருமையும்தான். ஆனால் என் பேரிலிருந்து தொடங்கினால்தான் அந்தக் கதை அவள் மேல் குற்றமில்லை என்பதில் போய் முடியும்.