சித்தப்பா தார் பூசிய கல்

பழவேற்காட்டுப் பக்கம் எங்கள் குப்பத்துக் கரையில் ஓர் ஆள் உயரக் கல் உண்டு. வெள்ளைக்காரன் காலத்துச் சண்டையில், நடுக்கடலில் குண்டுபட்டு மூழ்கிய கப்பலின் ஆட்கள் படகில் வந்து கரையேறிய இடம் என்று நட்டது. அதிலிருந்த இங்கிலீஷைப் படிக்க ஊரில் ஆளில்லை. ஆனாலும் வருஷா வருஷம் சுண்ணாம்பு அடித்தோம். கடலிலிருந்து பார்க்கும்போது கல்லும் பின்னாலிருந்த ஒற்றைப் பனையும் ஒரே நேராகத் தெரிந்தால், முகத்துவாரத்தில் அங்கேதான் ஆழம். விலகினால் மணல்திட்டு, அலை கட்டுமரத்தைப் புரட்டிவிடும். அத்தையின் வீட்டுக்காரர் அப்படித்தான் போனார்.

எழுபத்தொன்றில் பாகிஸ்தான் சண்டை வந்தது. எதிரிக் கப்பல் மெட்ராஸ் பக்கம் சுற்றுகிறது என்று பேச்சு. ராத்திரியில் விளக்கு தெரியக் கூடாது என்று தண்டோரா போட்டார்கள். சித்தப்பாவுக்கு அது போதவில்லை. பகலில் கல் தெரியுமே! அப்பா கடலுக்குப் போயிருந்த நேரத்தில், படகுக்குப் பூசும் தாரை எடுத்துக் கல் முழுக்கப் பூசிவிட்டார். தேசத்தைக் காப்பாற்றிய களைப்பில் டீ குடிக்கவும் போய்விட்டார்.

மத்தியானம் காற்று ஏறியது. கடல்மேல் மூட்டம். அப்பாவின் கட்டுமரம் அலைகளுக்கு வெளியே வடக்கும் தெற்குமாக அலைந்தது.

"எத்தப் பாத்துக்கினு வருவாரு உங்கண்ணன்?" என்று அம்மா கத்தினாள்.

"கப்பக்காரன் குண்டு போட்டா இன்னா பண்ணுவீங்க அண்ணி?" என்றார் சித்தப்பா. குரல் இறங்கிவிட்டது.

சுரண்டிப் பார்த்தார்கள், தார் வரவில்லை. வெள்ளைத் துணி போர்த்தலாமென்றால், எங்கள் வீட்டில் வேட்டிகூடப் பழுப்பு. அப்போது அத்தை வந்தாள். தாலியில்லாதவள் எதிரில் பட்டால் போன மரம் திரும்பாது என்பது எங்கள் ஊர்ப் பேச்சு. மரம் தள்ளும் நேரத்தில் அவள் கதவையே திறக்கமாட்டாள். அத்தைக்குத் தூக்கம் அதிகம் என்று நான் நினைத்திருந்தேன்.

"இன்னாம்மே, நீ போயி எதிர்ல நிக்கறியே!" என்று யாரோ கத்தினார்கள். அத்தை திரும்பவில்லை. கல்லின் மேடையில் ஏறி, முதுகைச் சாய்த்து, வெள்ளைப் புடவையின் முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். மரம் கொஞ்சம் தயங்கியது. பிறகு நேரே வந்தது. அப்பாவின் கால் மணலில் பட்டபோது அத்தை அங்கே இல்லை.

"கல்லாண்ட யாரு நின்னது?" என்றார் அப்பா. எல்லோரும் மரத்தை மேலே இழுக்கக் குனிந்துகொண்டார்கள். நான்தான் "அத்தை" என்றேன்.

மறுநாள் விடியலில் அப்பா துடுப்போடு கடலுக்குக் கிளம்பினார். சோற்றுத் தூக்கோடு நான் பின்னால் போனேன். அவர் அத்தை வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டினார்.

"நீ மொதல்ல போடா, வேற யாருனா எதிர்ல வரட்டும்" என்றாள் அத்தை உள்ளேயிருந்து.

"உன் மூஞ்சியப் பாக்காம நான் மரம் தள்ள மாட்டேன்க்கா. தொற."

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. அத்தை நிலையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். தூங்குகிறவளை எழுப்பி அழவைத்துவிட்டாரே என்று அன்று முழுக்க நான் அப்பாவோடு பேசவில்லை.