மை நிற்காத கண்கள்

மலாக்காவிலிருந்து திரும்பும் எங்கள் தொழிற்சாலைப் பேருந்து பெம்பான் ஊரைத் தாண்டியதும் அண்ணி கைப்பையைத் திறந்து கண்ணாடியை எடுப்பார். பவுடர் டப்பாவின் மூடியில் ஒட்டியிருக்கும் வட்டக் கண்ணாடி அது, ஓரத்தில் ஒரு கீறல். அதை என் கையில் கொடுத்து, “ஆடாம புடி பாப்பா” என்பார். பேருந்தே குலுங்கிக்கொண்டு போகும்போது நான் மட்டும் எப்படி ஆடாமல் பிடிப்பது? ஆனாலும் இரண்டு முழங்கைகளையும் முன்சீட்டின் முதுகில் ஊன்றிக்கொண்டு பிடிப்பேன். அண்ணி கீழிமையை இழுத்து, சுண்டுவிரல் நுனியில் மை தொட்டு, உள்விளிம்பில் ஒரே இழுப்பாக இழுப்பார். எங்கே பள்ளம், எங்கே வளைவு என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஜாசின் வருவதற்குள் இரண்டு கண்ணும் முடிந்துவிடும். என் பக்கம் திரும்பி, எப்படி இருக்கிறது என்று கேட்பதுபோலப் புருவத்தைத் தூக்குவார். அந்த முகத்தை இன்னொரு முறை பார்க்க மாட்டோமா என்று எத்தனையோ ஆண்டுகள் ஏங்கியிருக்கிறேன்.

அண்ணி என் அண்ணனின் மனைவி. வயதில் என்னைவிடக் கொஞ்சமே மூத்தவர். ஜாசினுக்கு உள்ளே தள்ளியிருந்த எங்கள் தோட்டத்து வீட்டுக்கு மருமகளாக வந்த சில மாதங்களிலேயே, நான் வேலை பார்த்த மின்னணுத் தொழிற்சாலையில் அவரும் சேர்ந்துவிட்டார். உள்ளே போனால் தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்பு, முகமூடி, கையுறை. பவுடர் கூடாது, உதட்டுச் சாயம் கூடாது, மை கூடவே கூடாது. துகள் உதிர்ந்து வேலைக்குள் விழுந்துவிடுமாம். கண் மட்டுமே வெளியே தெரிகிற இடத்தில் கண்ணுக்கு ஒன்றும் போடாதே என்றால் என்ன நியாயம்? “மை போடக்கூடாதாம், மைக்ராஸ்கோப்ப மட்டும் நாள் முழுக்கப் பாக்கணுமாம்” என்று அண்ணி சொன்னது எங்கள் வரிசை முழுவதும் பரவி, சூப்பர்வைசர் காதுவரை போய்விட்டது. அவர் தமிழர் இல்லை, அதனால் பிழைத்தோம். உள்ளே மை கூடாது என்பதால்தான் வீடு திரும்பும் பேருந்தில் அந்த மை. அண்ணன் பார்க்கும்போது முகம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்பது அண்ணியின் ஆசை.

ஆனால் அந்த மை அவர் கண்ணில் நின்றதே இல்லை. ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்குள் கரைந்து, கண்ணுக்குக் கீழே சாம்பல் பூத்து, வெள்ளைவிழி சிவந்து, தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும். எரிகிறது என்று கசக்குவார், கசக்கினால் இன்னும் எரியும். ஏர்கோன் குளிரில் இமைக்காமல் மைக்ராஸ்கோப்புக்குள் பார்த்துப் பார்த்து வந்த வினை. எங்கள் வீட்டில் அதை யார் கண்டார்கள்? அம்மா அண்ணியை அடுப்பங்கரையில் பார்க்கும்போதெல்லாம், நாங்கள் என்ன கொடுமை செய்துவிட்டோம், அக்கம்பக்கத்தில் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று கேட்பார். லோரி ஓட்டிவிட்டு வரும் அண்ணன், வீட்டுக்கு வந்தால் அழுத மூஞ்சியில்தான் விழிக்க வேண்டியிருக்கிறது என்று தட்டைத் தள்ளிவைப்பார்.

கடைசியில் நான்தான் அண்ணியை மலாக்காவில் ஒரு கண் மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, கண் காய்ந்துபோயிருக்கிறது என்றார். வீட்டில் வந்து சொன்னதும் அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “தண்ணியா ஊத்துது, காஞ்சிபோச்சின்னு சொல்றானே, இவன்லாம் டாக்டரா?” என்றார். காய்ந்த கண்ணுக்கு எரிச்சல் வரும், எரிச்சல் வந்தால் தண்ணீர் கொட்டும், கொட்டுகிற தண்ணீர் கண்ணில் தங்காமல் வழிந்துவிடும், அதனால் கண் மறுபடி காயும் என்று நான் மருத்துவர் சொன்னபடியே எடுத்துச் சொன்னேன். அம்மா நம்பவில்லை. அண்ணனோ கேட்கவே இல்லை.

மருத்துவர் மை போடுவதை விட்டுவிடச் சொல்வார் என்று அண்ணி பயந்துகொண்டேதான் வந்திருந்தார். அவர் அப்படிச் சொல்லவில்லை. சொட்டு மருந்து விட்டு, அது கண்ணில் ஊறும்வரை சும்மா இருந்துவிட்டு, அதற்குப் பிறகு எழுதச் சொன்னார். உள்விளிம்பில் எழுதவே கூடாது, இமைமுடிக்கு வெளியே, அதுவும் மெல்லிசாக. உள்விளிம்பில்தான் கண்ணுக்கு வேண்டிய எண்ணெய் சுரக்கும் துவாரங்கள் இருக்கின்றனவாம், நாம் போய் மையை வைத்து அடைத்துவிடுகிறோமாம். படுக்கும் முன் வெதுவெதுப்பான துணியை மூடிய கண்மேல் கொஞ்ச நேரம் வைத்திருந்து, மையைத் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். கண் சிவந்திருக்கும் நாளில் போடக் கூடாது. பழைய மையைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். இதையெல்லாம் அண்ணி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஒருவர் மையை இன்னொருவர் தொடக் கூடாது என்றதும்தான் முகம் சுருங்கிவிட்டது. நாங்கள் இருவரும் ஒரே டப்பாவில்தான் போட்டுக்கொண்டிருந்தோம். “அப்ப ஆளுக்கொரு டப்பாவா?” என்று மருத்துவரிடமே தமிழில் கேட்டார். தனிக்குடித்தனம் போகச் சொன்னால்கூட அவ்வளவு வருத்தப்பட்டிருக்க மாட்டார்.

அந்தத் தனி மையை வாங்கத்தான் ஜாசின் பாசாருக்குப் போனோம். ஒரு மலாய்க்கார அம்மா, மக்சிக் என்றுதான் கூப்பிடுவோம், சீப்பு, ஊக்கு, வளையல் எல்லாம் பரப்பி வைத்திருந்தார். அண்ணிக்கு மலாய் தட்டுத்தடுமாறித்தான் வரும். மலாயில் மைக்கு செலாக் என்று பெயர், அது தெரியும். ஒரு பென்சிலை எடுத்து நீட்டி, இது மையா என்று கேட்க நினைத்தவர், நம் ஆட்கள் எல்லோரும் செய்வதுபோல மலாய்ச் சொல்லின் வாலில் தமிழ் ‘ஆ’வை ஒட்டி, “இது செலாக்கா மக்சிக்?” என்றார். மலாயில் செலாக்கா என்றால் நாசமாய்ப் போக என்று வைகிற வார்த்தை. மக்சிக்கின் கை அப்படியே நின்றது. எனக்கு உயிரே போய்விட்டது. அண்ணியோ ஒன்றும் புரியாமல், காதில் விழவில்லையோ என்று இன்னும் சத்தமாக, “செலாக்கா? செலாக்கா?” என்று கேட்கிறார். நான் குறுக்கே விழுந்து விளக்கிச் சொன்ன பிறகு மக்சிக் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பென்சிலோடு ஒரு வளையலையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார். பேருந்து நிலையம்வரை நாங்கள் சிரித்துக்கொண்டே நடந்தோம். அண்ணிக்குச் சிரித்தாலும் கண்ணில் தண்ணீர் வரும்.

அதன் பிறகு மை நின்றது. வெளியே எழுதிய கோட்டோடு அண்ணியின் கண் முன்பைவிட அழகாக இருந்தது என்றுதான் சொல்வேன். ஆனால் அழகாக இருந்து என்ன? அண்ணனின் மனம் அதற்குள் வேறு இடத்துக்குப் போய்விட்டது. என் உடன்பிறந்தவர்தான், ஆனாலும் சொல்கிறேன், கண்ணைக் காட்டிக் குறை சொன்னதெல்லாம் வெறும் சாக்கு. பெண் குழந்தை பிறந்து நடக்க ஆரம்பித்த பிறகும் அவர் வீட்டுக்கு வருவது குறைந்துகொண்டே போனது. அண்ணி நிஜமாகவே அழத் தொடங்கியது அப்போதுதான். பாவம், வீட்டில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை, அதுதான் எப்போதும் வடிகிற கண்ணாயிற்றே என்று இருந்துவிட்டார்கள். எனக்குத் தெரியும். பேருந்து பெம்பானைத் தாண்டும், கைப்பை திறக்காது. நான் பார்ப்பேன். “இன்னிக்குப் போட்டா நிக்காது பாப்பா” என்பார், அவ்வளவுதான். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வருவேன்.

அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டைவிட்டு இறங்கிய காலையில் கண்ணுக்கு மை எழுதியிருந்தார். மருந்து விட்டு, பொறுத்திருந்து, நிதானமாக எழுதியிருந்த மை. கோடு எங்கேயும் கலையவில்லை. அம்மா கதவருகில் நின்று, கொஞ்சம்கூட வருத்தம் இல்லை பார் என்று முணுமுணுத்தார். நான் ஜாசின்வரை கூடப்போனேன். ஜோகூர் பாருவில் அவருடைய அக்கா இருந்தார், அங்கேயே ஏதாவது தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொள்ளலாம் என்றார். பேருந்து ஏறும்போது என்னைக் கட்டிக்கொண்டார். ஒருவரும் அழவில்லை. நான் வீட்டுக்குத் திரும்பிக் கிணற்றடியில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதேன்.

மணமுறிவு என்றால் இரண்டு பேர் பிரிவது என்று வக்கீல் சொல்லிவிடுவார். எனக்குப் போனதை எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வது? அண்ணன் வேறொருவரைக் கட்டிக்கொண்டு வந்தார். வந்தவர் நல்லவர், ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் அவரை அண்ணி என்று கூப்பிட வேண்டும் என்றார்கள், என் வாய் வரமாட்டேன் என்றது. வாங்க, இருங்க, சாப்பிடுங்க என்று முறை சொல்லாமலே இத்தனை காலத்தை ஓட்டிவிட்டேன். அது ஒரு பக்கம். போனவரை இனி எப்படிக் கூப்பிடுவது என்பது இன்னொரு பக்கம். அண்ணன் அறுத்துக்கொண்ட பிறகு அவர் எனக்கு யார்? தூரத்துச் சொந்தம்கூட இல்லை. கூப்பிட ஒரு முறை இல்லாதவரைத் தேடிப் போவது எப்படி என்று தெரியாமல், போக வேண்டும் போக வேண்டும் என்றே இருந்துவிட்டேன். அவரும் வரவில்லை. என்னை மறந்திருப்பார், அந்த வீட்டு ஆள்தானே என்று ஒதுக்கியிருப்பார் என்று நானே நினைத்து நானே வருந்துவேன்.

இப்போது எனக்கும் கண் காய்ந்துவிட்டது. வயதும் ஒரு காரணம், மைக்ராஸ்கோப்பும் ஒரு காரணம் என்கிறார்கள். ஒருமுறை விட்டதும் தூக்கி எறிகிற குட்டிக் குழாய்களில் மருந்து வருகிறது, கைப்பையில் எப்போதும் கிடக்கும். தலையை அண்ணாந்து மருந்து விட்டுக் கண்ணை மூடிக்கொண்டால் அண்ணி நினைவுதான் வரும். மை போடுவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் கண்ணாடியில் என் முகமே தெரியாது, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மை எழுதவும் முடியாது. சொல்லிச் சிரிக்க ஆள் இல்லை.

சென்ற ஆண்டு ஒரு நாள் வாசலில் கார் வந்து நின்றது. இறங்கிய பெண்ணைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அண்ணியின் நெற்றி, எங்கள் அண்ணனின் மூக்கு. மலாக்காவில் வேலை பார்ப்பதாகவும், அங்கேயே கோயில் மண்டபத்தில் கல்யாணம் என்றும் சொல்லிப் பத்திரிகையை நீட்டினாள். அப்பாவுக்கும் வைத்துவிட்டாளாம். “அத்தை, நீங்க காலையிலேயே பொண்ணு ரூமுக்கு வந்துடணும்லா” என்றாள். உன் அம்மா ஏதாவது சொன்னாரா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன்?

கல்யாணத்தன்று மண்டபத்துக்குப் போகும் வழியெல்லாம் எப்படிக் கூப்பிடுவது என்றே யோசித்துக்கொண்டு போனேன். அண்ணி என்று கூப்பிட்டு, அவர் முகம் சுளித்துவிட்டால்? அக்கா என்பது பொதுவான முறை, அது யாரையும் புண்படுத்தாது என்று முடிவு செய்தேன். மணப்பெண் அறைக் கதவைத் திறந்தால் அலங்காரம் செய்கிற பெண்ணின் முன்னால் பட்டுப்புடவையில் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து, உள்ளே எழுதாதே, வெளியே எழுது என்று கண்டிப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார். முடி நரைத்திருந்தது. குரல் நரைக்கவில்லை.

“அக்கா” என்றேன்.

அவர் திரும்பினார். என்னை மேலும் கீழும் பார்த்தார். “யாருக்கு யாரு அக்கா?” என்றார். பக்கத்து நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். என் கண்ணைப் பார்த்ததும் மருந்து இருக்கிறதா என்று கேட்டு வாங்கி, அவரே விட்டார். இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். பிறகு அந்த அலங்காரப் பெண்ணிடம் புதுப் பென்சில் ஒன்று கேட்டு வாங்கி, என் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, இமையோரத்தில் எழுத ஆரம்பித்தார். எனக்கு எல்லாம் மங்கலாகத்தான் தெரிந்தது. அந்த மங்கலில் தைரியம் வந்து, மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டேன். அண்ணன் எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்ட பிறகு, அண்ணி என்று கூப்பிட எனக்கு என்ன பாத்தியதை இருக்கிறது என்றேன்.

அவர் கை நிற்கவில்லை. கோட்டை முடித்துவிட்டுத்தான் பேசினார்.

“தாலியில உங்கண்ணன் போட்டது ஒரு முடிச்சு. அவரு போட்டத அவரு அவுத்துக்கிட்டாரு, சரி. மத்த ரெண்டும் நாத்தனாரு நீ போட்டது. அத எப்ப அவுத்த, பாப்பா?”

“அவுக்கல அண்ணி” என்றேன்.