வலை அறுத்தவன் பெண்டாட்டி

அன்று காலை பாக்யலட்சுமிக்கு உதடு கிழிந்தது. டீயை நீட்டியவளைத் திருடி என்று சொல்லி புருஷன் அரிகிருஷ்ணன் குத்தினார். கல்யாணமான நாளிலிருந்து கை நீட்டாத மனுஷன். இரண்டு வருஷமாக அவருக்குக் கை ஒன்றுதான் ஞாபகம் இருக்கிறது.

அல்சைமர் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். மூளை சுருங்கிக்கொண்டே போகிறதாம். மாத்திரைக்குக் காதில் கிடந்தது போயிற்று, கழுத்தில் கிடந்தது போயிற்று. பாகூர்ப் பக்கம் மீன்கூடை தூக்கிய பாக்யலட்சுமி, இவரை விட்டுப் போக முடியாமல் வீட்டோடு முடங்கினாள். வாடிக்கையெல்லாம் வேறு கூடைக்குப் போய்விட்டது. பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்? அவளும் ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் துடைப்பக்கட்டையால் திருப்பி அடித்தாள். அவர் மூலையில் ஒடுங்கியதைப் பார்த்துத் தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள். மகன் ராஜ்கமலின் ஃபைபர் போட் கடலுக்குப் போனால்தான் உலை கொதித்தது.

அந்தப் போட்டுக்கும் ஆபத்து வந்தது. நல்லவாட்டுக்குத் தெற்கே இருக்கும் அவர்கள் குப்பத்துக்கும் பக்கத்து ஊருக்கும் ஒரு காலத்தில் வலைச்சண்டை. அரிகிருஷ்ணன் அதில் முன்னால் நின்றவர். அவர் தலைக்குள் அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. உதட்டைக் கிழித்த கையோடு கரைக்கு ஓடியவர், சொந்தக் குப்பத்து மணிவண்ணன் காயப்போட்டிருந்த வலையை எதிரி வலை என்று நினைத்து, மீன் வெட்டும் கத்தியால் கண்டதுண்டமாக அறுத்தார். தடுக்க வந்த மணிவண்ணனுக்கு முழங்கையில் எலும்பு தெரிய வெட்டு விழுந்தது.

அங்கே வலையை அறுப்பதும் வயிற்றை அறுப்பதும் ஒன்று. அபராதம் கட்டும்வரை அறுத்தவன் வீட்டுப் போட் கடலில் இறங்கக் கூடாது. அறுத்தவன் செத்துப்போனால் மட்டும் அபராதம் அவனோடு போகும்; தாலியறுத்தவளிடம் கேட்பது பாவம் என்பது ஊர்க்கட்டு. சாயங்காலமே பஞ்சாயத்து கூடியது.

அரிகிருஷ்ணன் பல வருஷம் பஞ்சாயத்தாராக இருந்தவர். மகன் பிடியை உதறிவிட்டு நேராகப் போய்ப் பஞ்சாயத்தார் வரிசையிலேயே உட்கார்ந்தார். எழுப்ப யாருக்கும் மனம் வரவில்லை.

“வலைய அறுத்தது எவன்டா?” என்று அவரே கேட்டார்.

பாக்யலட்சுமி முன்னால் வந்தாள். “என் வூட்டு ஆளுதாங்க.”

“எங்க அவன்? பொம்பளைய அனுப்பிட்டு ஒளிஞ்சிகினானா? இஸ்துகினு வாங்கடா. கட்டி வெச்சித் தோல உரிக்கணும்.” எழுந்து அவளை நோக்கிக் கையை ஓங்கினார்.

போட் நின்றால் சோறு நிற்கும் என்ற பயமும், பட்ட அடியெல்லாம் திரண்ட கோபமும் ஒன்றாகச் சேர்ந்து அவள் வாயில் வந்தன.

“அவரு செத்துட்டாருங்க. ரெண்டு வருஷம் ஆவுது.”

ஓங்கிய கை இறங்கியது. அவளை ஏற இறங்கப் பார்த்தார். “அடப்பாவமே. தாலியறுத்தவகிட்ட இன்னா அபராதம்? வுடுங்கப்பா. போட்ட எறக்கச் சொல்லு.”

மணிவண்ணன் கட்டுப்போட்ட கையோடு தலையைக் குனிந்துகொண்டான். “பெரியவரு சொன்னதுதான்” என்று தலைவர் முடித்துவிட்டார்.

பாக்யலட்சுமி மணலில் விழுந்து, இழவு வீட்டில் அழுவதுபோல மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அரிகிருஷ்ணன் பக்கத்தில் வந்து குந்தினார்.

“அழுவாதம்மா. நல்ல மனுஷனா இருந்தானா?”

“ரொம்ப நல்லவருங்க” என்றாள்.